அம்மாவின் மாத்திரையும் அறிவுப் பொறியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சில சொற்கள் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, ஆளைத் தவறாகத் தேர்ந்து விட்டாரோ என்றே முதலில் ஐயுற்றேன். நான் கணிப்பொறி வல்லுநன் அல்லேன். இத்தில்லி மாநகரில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வரவையும் செலவையும் அறிவேனேயன்றி, நிரல் எழுதும் கலையை ஒரு நாளும் கற்றவன் அல்லேன். இதை அவரிடம் சொன்னேன். அவரோ, "நீங்கள் உங்கள் தாயாருக்கென்று ஒரு செயலி செய்தீர்கள் அல்லவா? அந்தக் கதையைச் சொன்னால் போதும்" என்றார். ஆகவே, அறிஞன் ஒருவனின் ஆராய்ச்சியாக அன்று, மகன் ஒருவனின் பட்டறிவாக இவ்வுரையைக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. தமிழை நன்கு படிப்பார். பிற மொழி எதுவும் படிக்க அறியார். அவர் நாள்தோறும் உண்ண வேண்டிய மாத்திரைகள் ஐந்து. விடியலில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை; காலை உணவோடு சர்க்கரைக்கு ஒன்று; உணவுக்குப் பின் இரத்த அழுத்தத்திற்கு ஒன்று; நண்பகலில் சுண்ணாம்புச் சத்து; இரவில் கொழுப்பைக் குறைக்க ஒன்று. தைராய்டு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அடுத்தடுத்து உண்ணலாகாது. இரண்டிற்கும் இடையே நான்கு மணி நேரமேனும் இருத்தல் வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. மாத்திரை அட்டைகளிலோ ஆங்கிலம் இருக்கும், சிலவற்றில் இந்தியும் இருக்கும், தமிழ் இராது. எங்கள் தெருவின் மருந்துக் கடைக்காரர் நல்லவர். ஆனால் அவர் சொல்வது தாயாருக்கு விளங்காது. தாயார் கேட்பது அவருக்கு விளங்காது. நானும் என் மனைவியும் காலை எட்டரைக்கு வீட்டை விட்டால் மாலை ஏழுக்குத்தான் திரும்புகிறோம். இடைப்பட்ட பொழுதில் அட்டையின் நிறமே அவருக்கு வழிகாட்டி.

ஒரு மாதம் மருந்துக் கடைக்காரர், அதே மருந்தை வேறொரு நிறுவனத்தின் அட்டையில் கொடுத்தார். நிறம் மாறிற்று, வழி தவறிற்று. இரத்த அழுத்த மாத்திரையைத் தாயார் ஒரே நாளில் இரு முறை உண்டு, தலை சுற்றி, அடுக்களையில் அமர்ந்து விட்டார். இறையருளால் பெருந்தீங்கு நேரவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கமும் வரவில்லை.

மாத்திரையை நினைவூட்டும் செயலிகள் கடைவீதியில் இல்லாமலில்லை. எடுத்துப் பார்த்தேன். ஒன்று ஆங்கிலம் பேசிற்று. ஒன்று விளம்பரம் காட்டிற்று. ஒன்று, நோயாளியின் பெயர், வயது, நோய் அனைத்தையும் எழுதித் தந்தாலன்றிக் கதவைத் திறவேன் என்றது. என் தாயாருக்கு வேண்டியதோ மிகச் சிறிது. இப்பொழுது எந்த மாத்திரை என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒரு வரி, 'போட்டாயிற்று' என்று அழுத்த ஒரு பொத்தான், அவ்வளவே. ஒரே ஒருவருக்காக எவர் செயலி செய்து தருவார்? எந்த நிறுவனத்திற்கு அதில் ஊதியம்? இங்குதான், நண்பர்களே, இப்புதிய பொறி உள்ளே நுழைகிறது.

நிரல் எழுதுவதை எளிமையாக்கும் முயற்சி நெடுங்காலத்தது. 1957-இல் ஃபோர்ட்ரான் என்னும் நிரல் மொழி வந்தது. எண்களின் அடுக்கையே எழுதிக் கொண்டிருந்த விஞ்ஞானி, கணித வாய்பாட்டைப் போல எழுதலானார். 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள், எல்லா மாணவரும் கற்கத்தக்க பேசிக் மொழியைத் தந்தார்கள். 1979-இல் விசிகால்க் வெளிவந்தது; கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் அம்மென்பொருள், என் போன்ற கணக்கர்களையும் அரை நிரலராக்கிற்று. அந்த வரிசையில் இன்று வந்திருப்பது, நாம் பேசும் மொழியிலேயே சொன்னால் நிரலைத் தானே எழுதித் தரும் பொறி. விளைவு இன்னது வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போய், எழுதப்பட்ட நிரலைப் பாராமலே ஏற்கும் முறைக்கு, ஆந்திரே கார்ப்பதி என்னும் வல்லுநர் 2025 பிப்ரவரியில் 'வைப் கோடிங்' என்று பெயர் சூட்டினார். அதே ஆண்டின் சொல்லாகக் காலின்ஸ் அகராதியார் அதனைத் தேர்ந்தெடுத்தனர்.

இப்பொறி எவ்வாறு எழுதுகிறது? மனிதர் எழுதிவைத்த நூல்களையும் நிரல்களையும் மலைமலையாகக் கொண்டு அது பயிற்றப்பட்டிருக்கிறது. இவ்வளவு எழுதியபின் அடுத்து வரத்தக்கது எது என்று கணித்துக் கணித்துத் துண்டு துண்டாக எழுதிச் செல்கிறது. அண்மைக் காலத்துக் கருவிகள் எழுதுவதோடு நில்லாமல், எழுதியதைத் தாமே ஓட்டிப் பார்க்கின்றன. பிழைச் செய்தி வந்தால் படித்துத் திருத்துகின்றன. வியப்புக்குரிய ஆற்றல்தான். ஐயமில்லை. ஆனால் அது உலகத்தார் எழுதியதைக் கற்றிருக்கிறதே தவிர, என் தாயாரைக் கண்டதில்லை. இந்த ஒரு வரியை மனத்தில் இருத்திக்கொண்டால், நான் இனிச் சொல்லப் போவது அனைத்தும் விளங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்தேன். 'முதியவர்க்கு மாத்திரை நினைவூட்டும் செயலி ஒன்று செய்க' என்று ஒரே வரி எழுதினேன். காப்பி ஆறுவதற்குள் செயலி ஆயத்தம்! வண்ணப் படங்கள் என்ன, வார வரைபடங்கள் என்ன! ஏழு நாள் தவறாது மாத்திரை உண்டவர்க்குத் தங்கப் பதக்கம் வேறு! பெருமிதத்தோடு தாயாரிடம் காட்டினேன். கண்ணாடியை அணிந்து நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது அப்பா. நான் இப்போது எதைப் போட வேண்டும்? அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன்.

அன்று அப்பொறியை மூடி வைத்தேன். மூன்று நாள் விடுப்பு எடுத்துத் தாயாரின் அருகிலேயே இருந்து, அவர் எப்போது எழுகிறார், எப்போது உண்கிறார், கைப்பேசியை எங்கே வைக்கிறார், எந்த விரலால் தொடுகிறார், எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று தாளில் எழுதினேன். 'உட்கொள்ளவும்' என்பது பொறி எழுதிய சொல். 'போட்டாயிற்று' என்பது என் தாயாரின் சொல். நகம் வளர்ந்த விரலால் அவர் தொட்டால் சிறிய பொத்தான் அசைவதில்லை என்று கண்டேன். நான்கு பக்கம் நிறைந்தது. நண்பர்களே, அந்தச் செயலியை உண்மையில் உருவாக்கியது அந்த நான்கு பக்கங்களே. அவற்றைத் தட்டெழுதிப் பொறியிடம் தந்த பின்னர், ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்தது. ஒரே திரை, ஒரே வரி, பாதித் திரையை அடைத்த ஒரே பொத்தான். பதிவு செய்வதும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை, குறிப்புகள் அனைத்தும் அந்தக் கைப்பேசியின் உள்ளேயே தங்கும், வெளியே எங்கும் செல்லா. மருந்தின் அளவையும் வேளையையும் பொறியிடம் நான் கேட்கவே இல்லை. மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து நானே பதித்தேன்.

பணி முடிந்தது என்று எண்ணினேன். அப்போதுதான் நம் தமிழ் எழுத்து எனக்குப் பாடம் புகட்டிற்று.

மாத்திரையின் பெயர் நீண்டிருந்தால் சுருக்கிக் காட்டுமாறு பொறி தானாகவே ஓர் ஏற்பாடு செய்திருந்தது. மறுநாள் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "சர்க்கரை மாத்திரையை இனி மாதத்திற்கு ஒரு முறை போட்டால் போதுமா?" என்றார். திடுக்கிட்டேன். திரையில் 'சர்க்கரை மாத...' என்று இருந்ததாம்! நம் கணக்கில் 'சர்க்கரை மாத்திரை' என்பது ஒன்பது எழுத்து. உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணுவது நம் இலக்கண மரபு. கணிப்பொறியோ மெய்யின் புள்ளியையும், கால், கொம்பு போன்ற குறிகளையும் தனித்தனியே எண்ணும், அதன் கணக்கில் எழுத்து மட்டும் பதினாறு, இடைவெளியோடு பதினேழு. பொறி பன்னிரண்டோடு வெட்டிற்று. தகர மெய்யின் புள்ளி உதிர்ந்தது. 'மாத்திரை' 'மாத' ஆயிற்று. நாள்தோறும் உண்ண வேண்டியது திங்களுக்கு ஒன்று ஆகவிருந்தது. நம் இலக்கணத்தில் மாத்திரை என்பது ஒலியின் அளவு. இமைப்பொழுதாலும் நொடிப்பொழுதாலும் தொல்காப்பியர் அதனை அளந்தார். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. அந்த அரை மாத்திரைக்குரிய புள்ளி போனால் முழு மாத்திரையும் போகும் என்பதை அன்றுதான் கண்டேன்!

(சிரிப்பு)

நகைக்கிறீர்கள். நானும் பின்னர் நகைத்தேன். அடுத்து நேர்ந்தது நகைப்புக்குரியதன்று.

பெயரைச் சுருக்காமல் முழுமையாக இரண்டு வரியில் காட்டச் செய்தேன். அதன்பின் மூன்று வாரம் செயலி செம்மையாக நடந்தது. தில்லிக் குளிர் தொடங்கி விட்டதால் தாயார் ஆறு மணிக்கு மேல்தான் எழுந்து, தைராய்டு மாத்திரையை உண்டு, பொத்தானை அழுத்துவார். மார்கழி பிறந்தது. விடியற்காலையில் கோயிலுக்குச் செல்ல விரும்பி, ஒரு நாள் நான்கரைக்கே எழுந்தார். ஐந்து மணிக்குக் கைப்பேசியை எடுத்தார். 'தைராய்டு மாத்திரை போட்டாயிற்று' என்று பச்சைக் குறியோடு அது அறிவித்தது. அவரோ இன்னும் போடவில்லை!

அடுக்களைச் சுவரில் தாள் கிழிக்கும் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. செயலி வந்த பின்னும், ஒவ்வொரு மாத்திரைக்கும் அத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இடுவதைத் தாயார் விடவில்லை. எனக்கு அது சிறிது மனக்குறையே. 'என் உழைப்பை நம்பவில்லையே' என்று எண்ணியதுண்டு. அன்று அவர் நாட்காட்டியைப் பார்த்தார். அன்றைய தாளில் கோடு இல்லை. அட்டையை எடுத்து எண்ணினார், மாத்திரை குறையவில்லை. என்னை எழுப்பினார். "அப்பா, உன் பொறி பொய் சொல்கிறது" என்றார்.

பொறியிடம் முறையிட்டேன். உடனே மன்னிப்புக் கேட்டது. எதையோ மாற்றிற்று. 'பிழை திருத்தப்பட்டது' என்று உறுதி கூறிற்று. மறுநாள் விடியலிலும் அதே பொய். அப்பொழுது கணக்கனாகிய என் பழைய வழக்கம் கைகொடுத்தது. தவறு நேர்ந்த இடத்தை விட்டு விட்டு, நேர்ந்த வேளையைக் குறிக்கலானேன். முந்திய நாள் காலை 6.10-க்குக் குறித்தது, மறுநாள் 5.00 மணிக்கும் நின்றது, 5.25-க்கும் நின்றது, 5.31-க்குத் திறந்தபோது மறைந்திருந்தது. ஐந்தரை! நம் நாட்டு நேரம், கிரீனிச்சை அடியாகக் கொண்ட உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியது என்பதை நாம் அறிவோம். பொறி எழுதிய நிரல், தேதியை உலக நேரத்தால் எண்ணியிருந்தது. ஆகவே அந்தச் செயலிக்கு நாள் பிறப்பது நள்ளிரவில் அன்று, விடியற்காலை ஐந்தரைக்கு. இந்த வேளைக் குறிப்பைத் தந்த மாத்திரத்தில், பொறி ஒரே வரியில் பிழையைக் கண்டு திருத்திற்று.

இதன் கேட்டை எண்ணிப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்தால், உண்ணாததை உண்டதாகச் சொல்லும். அதையும் மீறி உண்டு, பொத்தானை அழுத்தியிருந்தாலோ, ஐந்தரைக்குக் குறி மறைந்து, 'இன்னும் போடவில்லை' என்று மறுபடியும் நினைவூட்டும். எந்த இரட்டை மாத்திரையைத் தடுக்க இதனைச் செய்தேனோ, அதே இரட்டை மாத்திரையை இதுவே கொடுத்திருக்கும். தைராய்டு மாத்திரை ஒரு நாள் தவறினால் பேரிடர் இல்லை என்று மருத்துவர் ஆறுதல் கூறினார். ஆயினும், விடியலில் உண்ண வேண்டியது வேறொரு மருந்தாக இருந்திருந்தால்? பென்சில் கோடு இடாத தாய் ஒருத்தியின் கையில் இச்செயலி இருந்திருந்தால்?

இப்பிழை எனக்கு ஏன் முன்பே தெரியவில்லை? நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் இரவு ஒன்பது மணிக்கும் காலை எட்டு மணிக்கும். அஃதாவது, எனக்கு ஓய்வு கிடைத்த வேளையில் சோதித்தேன். தாயார் விழித்திருக்கும் வேளையில் சோதிக்கவில்லை. குற்றம் பொறியினுடையது மட்டுமன்று.

பின்னர் பதினான்கு சோதனைகளைத் தாளில் எழுதிக்கொண்டேன். கைப்பேசியின் கடிகாரத்தை மாற்றி மாற்றி வைத்து, விடியல் 4.50, 5.29, 5.31, நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன், ஒரு நிமிடம் பின், மாதத்தின் கடைசி நாள், கைப்பேசி அணைந்து எரிந்த பின் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நிரலில் எந்த ஒன்றை மாற்றினாலும் பதினான்கையும் முதலிலிருந்து பார்க்கிறேன். கணக்கில் இதனைத் தணிக்கை என்போம். எழுதியவனே சரி என்று சொல்வது தணிக்கை ஆகாது. இப்பொறியிடம் ஓர் இயல்பு உண்டு. 'இது தவறு' என்றால், 'நீங்கள் சொல்வது சரி' என்று உடனே பணியும். சோதிப்பதற்காக, சரியாக இருந்த ஒன்றையும் தவறு என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும், 'நீங்கள் சொல்வது சரி' என்றே பணிந்தது! ஆதலின் அதன் உறுதிமொழியும் சான்றன்று. அதன் மன்னிப்பும் சான்றன்று. கண்ணால் கண்ட விளைவு ஒன்றே சான்று.

இளைஞர்களே! இதனால் நீங்கள் இக்கருவியைத் தொடலாகாது என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். தொடுங்கள், துணிந்து தொடுங்கள். ஒருவருக்கென்று, ஒரு குடும்பத்திற்கென்று, எந்த நிறுவனமும் செய்து தராத சிறு கருவியை நாமே செய்துகொள்ளும் காலம் வந்திருக்கிறது. நம் சங்க நூலகத்தின் இரவல் பதிவேட்டை இவ்வாறு செய்யலாம்; விழா நாளின் உணவுச் சீட்டுக் கணக்கைச் செய்யலாம். ஆனால் ஒன்றைப் பிரித்தறியுங்கள். என் செயலியில் இருப்பது என் வீட்டுச் செய்தி. அது கைப்பேசியை விட்டு அகலாது. பிறர் பெயரையும் எண்ணையும் பணத்தையும் ஓரிடத்தில் சேர்க்கும் செயலி அத்தகையதன்று. அதற்குப் பூட்டு வேண்டும். பூட்டின் உறுதியை அறிந்தவர் ஒருவர் நிரலைப் படித்துப் பார்த்தல் வேண்டும். நன்றாக நடக்கிறதே என்பது, பத்திரமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

நிரல் எழுதும் உழைப்பை இப்பொறி நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டது. யாருக்காகச் செய்கிறோமோ அவரை அருகிருந்து அறியும் உழைப்பையும், செய்தது சரிதானா என்று அவருடைய விடியற்காலையில் எழுந்து பார்க்கும் உழைப்பையும் அது வாங்கிக்கொள்ளவில்லை, வாங்கிக்கொள்ளவும் இயலாது. அவ்விரண்டும் நம்மிடமே எஞ்சி நிற்கின்றன. நான் கண்டது இதுவே.

செயலி இன்றும் நடக்கிறது. ஐந்து மாத்திரைகளின் பெயரும் வேளையும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிய தாள் ஒன்றையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். கைப்பேசி பழுதுற்ற நாளுக்கு அது துணை. தாயாரின் பென்சிலும் அந்த நாட்காட்டியின் அருகே நூலில் தொங்குகிறது. "செயலி சரியாகி விட்டதே, இன்னும் எதற்கு அம்மா கோடு?" என்று சென்ற வாரம் கேட்டேன். "அது எனக்கு நினைவூட்டுகிறது, நான் அதற்கு நினைவூட்ட வேண்டாமா?" என்றார். அந்தப் பென்சில் தேய்ந்து போகவே, நேற்றுப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.